பூச்சிக் கட்டுப்பாட்டுப் பயிற்சி குடுத்தாச்சு, வயல்ல என்ன மாறினது எண்டு பாக்கிறது எப்பிடி

கொழும்பில இருந்து கிளிநொச்சி, மட்டக்களப்பு பக்கம் நெல் விவசாயிகளுக்குப் பயிற்சி நடத்துற ஆக்களுக்குத்தான் இதை எழுதுறன். வெள்ளவத்தையில ஒபிசுக்குள்ள இருந்து வரவு லிஸ்ட்டையும் போட்டோவையும் பாத்து ரிப்போர்ட் எழுதாதேங்கோ, அதில வயல் இல்லை.

பயிற்சி தொடங்க முன்னமே ஒருக்கா போங்கோ. போன போகத்தில எத்தினை தரம் மருந்து அடிச்சனீங்கள், என்ன மருந்து, ஆர் சொல்லி அடிச்சனீங்கள் எண்டு கேளுங்கோ, மருந்துக் கடைக்காரர் சொன்னவர் எண்டு வந்தா அதை அப்பிடியே எழுதுங்கோ. ஞாபகத்தை மட்டும் நம்பாம வெறும் போத்தலையும் கடை பில்லையும் காட்டச் சொல்லுங்கோ.

அறிவைச் சோதிக்க பேப்பர் குடுக்க வேண்டாம், வாசிக்கக் கஷ்டப்படுற ஐயாமார் அநியாயமாத் தோத்துப்போவினம். வரம்பில தடி நட்டு, உண்மையான பூச்சியையோ புழு தின்ட இலையையோ கட்டி, இது என்ன எண்டு கேட்டு, மூண்டு விடைக்கு மூண்டு பெட்டி பக்கத்தில வைச்சு, சரியெண்டு நினைக்கிற பெட்டிக்க துண்டைப் போடச் சொல்லுங்கோ. 1989ல இந்தோனேசியாவில தொடங்கின வயல் பாடசாலை முறையில, அதாவது விவசாயிகள் வயலிலயே பாத்துப் படிக்கிற முறையில, வந்த சோதனை இது. பயிற்சிக்கு முன்னமும் பிறகும் வையுங்கோ.

ஆனா அதோட நிப்பாட்டாதேங்கோ. ஒருக்கா குப்பியில சிலந்தியைக் காட்ட, ஒரு அம்மா "இதுக்கும் மருந்து அடிக்கோணும்" எண்டவ. போகம் முடியிற நேரம் அதே குப்பியைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு "இது தத்தியைத் தின்னுற எங்கட ஆள் எல்லோ" எண்டா, தத்தி எண்டது நெல்லுத் தூரில சாறு குடிக்கிற பூச்சி. எனக்குச் சரியான சந்தோசம், ஆனா அவவின்ர வயலுக்கு மருந்து அடிக்கிறது மகன், அவர் பயிற்சிக்கே வரேல்ல. அதால வீட்டில முடிவெடுக்கிறது ஆர் எண்டு கட்டாயம் கேளுங்கோ.

ஒப்பிடப் பயிற்சி எடுக்காத ஊர் ஒண்டும் வேணும், பக்கத்து வயல் சரிவராது, வரம்பில கதைச்சே விசயம் பரவிடும். காலபோகத்தை (மாரி மழையோட செய்யிற பெரிய போகம்) காலபோகத்தோடதான் ஒப்பிடோணும். 2021ல இறக்குமதித் தடையால மருந்து கிடைக்காம அடிக்காம விட்டதை பயிற்சியின்ர பலன் எண்டு கணக்கெடுக்கக் கூடாது.

அடுத்த வருசக் காலபோகத்தில திரும்பப் போக இப்பவே காசு ஒதுக்கி வையுங்கோ. விதைச்சு 40 நாளுக்குள்ள போங்கோ, அந்த நேரம் புழு கொஞ்சம் இலை தின்டாலும் நெல்லு தானே தேறிடும், ஆனா பயத்தில மருந்து அடிக்கிறதும் அப்பதான். விவசாயியோட சேந்து வயலுக்க இறங்கி நில்லுங்கோ, ஒண்டும் சொல்லிக் குடுக்காதேங்கோ, அவர் குனிஞ்சு தூரை விரிச்சு அடியில தத்தி இருக்கோ, சிலந்தி இருக்கோ எண்டு பாக்கிறாரா, இல்லாட்டி வரம்பில நிண்டே எந்த மருந்து எண்டு கேக்கிறாரா எண்டதை எழுதிக்கொண்டு வாங்கோ.