முதல் வகுப்புக்கு முன்: பத்தடி அறையில் பொறுமை பழக்குவது எப்படி?

தாராவியில் பால்வாடி டீச்சராக இருக்கிறேன். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்குமுன் தாய்மார்கள் கேட்பது, "அ, ஆ எழுதிவிடுவானா டீச்சர்?" என்றுதான். எழுதிவிடுவான். நான் பார்ப்பது வேறு: சொன்னதை மனதில் வைத்துச் செய்கிறானா, தன் முறை வரும்வரை இருக்கிறானா, ஓங்கிய கையை நிறுத்திக்கொள்கிறானா.

ஒரே அறையில் ஐந்தாறு பேர், விடியுமுன்னே இட்லி வேலை தொடங்கிவிடும் வீடு, அரைத்தூக்கத்தில் எழும் பிள்ளை. அதைப் பார்த்து "பொறுமையே கிடையாது" என்று திட்டுவது அநியாயம்.

முதலில், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. வரைவதற்கு நல்ல பொருட்கள் கொண்டுவருவதாகச் சொல்லி, சில பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களிடம் வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, பொறுத்திருந்தால் இரண்டு என்றார்கள். வாக்கு நிறைவேறிய பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான். "ஞாயிற்றுக்கிழமை ஜுஹு கடற்கரைக்குப் போகலாம்" என்று சொல்ல வேண்டாம். "மாவு அரைத்ததும் ஒரு கதை" போதும். அரைத்து முடித்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். முடியாமல் போனால் காரணத்தைப் பிள்ளையிடமே சொல்லுங்கள்.

அடுத்து, எதிர்மாறு விளையாட்டு. காசும் வேண்டாம், இடமும் வேண்டாம். "தலை" என்றால் காலைத் தொடவேண்டும். "கால்" என்றால் தலையை. முதலில் சொன்னபடியே தொடவிட்டு, பிறகு மாற்றுங்கள். உற்றுப் பாருங்கள்: "தலை" என்றதும் கை மேலே கிளம்பும், காதருகே நிற்கும், விரல்கள் தயங்கும், பிறகு கீழே இறங்கும். அந்த நிறுத்தத்துக்காகத்தான் இந்த விளையாட்டே. தவறினால் யாரும் சிரிக்கக் கூடாது, அண்ணன் அக்காவிடம் முன்பே சொல்லிவையுங்கள். பழகியதும் தோளையும் முழங்காலையும் சேருங்கள். குழந்தைகளின் தன்னடக்கத்தை அளக்க ஆய்வாளர்களும் இதே விளையாட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டில் பாட்டி இருந்தால் பல்லாங்குழியை எடுக்கச் சொல்லுங்கள். முறைக்குக் காத்திருக்க அதைவிட நல்ல பழக்கம் இல்லை. அதிகாலையில் எழும் வீடு என்றால் இரவில் டிவியை நிறுத்திப் பாயைச் சீக்கிரம் விரித்துவிடுங்கள்.

"ஓடாதே" என்பதைவிட "சுவரைத் தொட்டபடி நட" என்பது பிள்ளைக்குப் புரியும்.

சேர்க்கைக்குப் போகும்போது, வீட்டில் எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது என்பதை வகுப்பு டீச்சரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பத்து மணிக்குக் கண் சொருகும் பிள்ளையை அவர் சோம்பேறி என்று எண்ணமாட்டார்.