தாய்லாந்தில் தங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இரவு பதினொரு மணிக்கு, புதிதாக பாங்காக்கில் வேலைக்குச் சேர்ந்து, ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு தம்பி சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டான். "அண்ணே, பாஸ்போர்ட்ல அடுத்த மார்ச் வரைக்கும் தங்க முத்திரை இருக்கு. ஆனா டூரிஸ்டுக்குக் குத்துற மாதிரி குத்திட்டாங்க." கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே இடத்தில் நான் கோட்டைவிட்ட அதே விஷயம்.

போட்டோ அளவு, பாஸ்போர்ட் காலாவதி போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விசாத் தேதியைத் தங்கும் தேதி என்று நினைப்பது

விசாவில் இருக்கும் தேதி, அதற்குள் நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பதற்கு. எதுவரை தங்கலாம் என்பதை நுழையும்போது குத்தும் முத்திரைதான் சொல்லும். மீறினால் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. 90 நாளுக்கு மேல் மீறியிருந்தால், பிடிபடாமல் நீங்களே அதிகாரிகளிடம் போய் நின்றாலும் மறுபடி நாட்டுக்குள் வர ஓராண்டு தடை.

ரீ-என்ட்ரி பெர்மிட் இல்லாமல் ஊருக்குக் கிளம்புவது

வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நான்-இமிகிரன்ட் பி விசாவில் வந்து 90 நாள் முத்திரை வாங்குவார்கள். அப்புறம் 1,900 பாட் கட்டி ஓராண்டு நீட்டிப்பு. இங்கேதான் ஏமாறுகிறோம். நீட்டிப்பு என்பது உள்ளே இருக்க அனுமதி. போய்த் திரும்ப அல்ல. அதற்குத் தனியாக வாங்குவதுதான் ரீ-என்ட்ரி பெர்மிட். இடைவேளையில் தியேட்டரைவிட்டு வெளியே போனால் வாசலில் பாஸ் கேட்பார்களே, அந்த மாதிரி. பெர்மிட் இல்லாமல் நாட்டைத் தாண்டினால் மிச்சமிருக்கும் மாதங்கள் அத்தனையும் போச்சு. ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. டி.எம்.8 படிவம், ஒரு போட்டோ, பாஸ்போர்ட் நகல். அவ்வளவுதான் வேலை.

2017-ல் பாட்டி தவறிவிட்டாள் என்று சேதி வந்து அவசரமாகக் கிளம்பினேன். அலுவலகத்தில் இந்தக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டவர், "விசாதான் இருக்கே, போயிட்டு வாங்க" என்றார். திரும்பி வந்தபோது அதிகாரி பக்கங்களைப் புரட்டிவிட்டு விசா ஆன் அரைவல் வரிசையைக் கைகாட்டினார். 15 நாள். கையிலிருந்த எட்டு மாதம் காலி. இரவு ரயிலில் எல்லையோர ஊரான நோங் காய், பாலம் தாண்டி லாவோஸ் தலைநகர் வியன்தியான், அங்கே தாய்லாந்துத் தூதரகத்தில் புது விசா, மறுபடி 90 நாள், மறுபடி நீட்டிப்பு, ஒர்க் பெர்மிட் காகிதங்களும் முதலிலிருந்து.

அதைவிட வலித்தது இன்னொன்று. நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்க, இடைவெளி இல்லாமல் மூன்று ஆண்டு நீட்டிப்பு வேண்டும். எனக்கு இரண்டு முடிந்திருந்தது. கணக்கு பூஜ்யத்துக்கு வந்தது. இத்தனைக்கும் சுவர்ணபூமியிலேயே இந்த பெர்மிட் தரும் மேசை ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் விமானம் ஏறப் போயிருக்கிறேன். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் எரிச்சல் வருகிறது.

பெர்மிட் வாங்கியவர்களும் இரண்டு இடத்தில் மாட்டுவார்கள். நீட்டிப்பு எந்தத் தேதியில் முடிகிறதோ, பெர்மிட்டும் அன்றே முடியும். நீட்டிப்பைப் புதுப்பித்தால் பெர்மிட்டும் புதிதாக வாங்க வேண்டும். இரண்டாவது, திரும்பி வரும்போது பெர்மிட் பக்கத்தை விரித்துக் கொடுங்கள். முத்திரைத் தேதியைப் படித்துப் பார்த்த பிறகே கவுன்ட்டரைவிட்டு நகருங்கள். தப்பாகக் குத்தியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்வது எளிது, வீட்டுக்கு வந்துவிட்டால் அலைச்சல்.

90 நாள் அறிக்கையை நீட்டிப்பு என்று நினைப்பது

தொடர்ந்து தங்குகிறவர்கள் 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குக் கொடுப்பது அது. முகவரி தெரிவிப்பது மட்டுமே. கெடுவுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை கொடுக்கலாம். தாண்டினால் 2,000 பாட். வெளிநாடு போய் வந்தால் வந்த நாளிலிருந்து எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும்.

டி.எம்.30

வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவம் இது. நீங்கள் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் பதிய வேண்டும். பதிவாரா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

டி.டி.வி. விசாவில் வந்து தாய்லாந்து கம்பெனியில் வேலை பார்ப்பது

கூடாது. வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தொலைவிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் போன்றோருக்கான விசா அது.

டிஜிட்டல் வருகை அட்டைக்குக் காசு கட்டுவது

நாட்டுக்குள் வருவதற்கு முன் இணையத்தில் நிரப்பும் அட்டை அது. இலவசம்.

தம்பியையும் கம்பெனி வியன்தியானுக்கே அனுப்புகிறது. ரயில் விவரம் கேட்டான். பழைய ஸ்டேஷனான ஹுவா லம்போங்கில் போய் நிற்காதே, இப்போது குருங் தேப் அபிவத் நிலையத்திலிருந்துதான் கிளம்புகிறது, கீழ்ப்படுக்கையாகப் பார்த்து எடு என்றேன்.