தினசரிக்கு நாலு கட்டம் போட நினைப்பவருக்கு

படம் நன்றாக வருகிறது என்பதற்காக மட்டும் பத்திரிகையில் தினசரி ஸ்ட்ரிப், அதாவது சில கட்டங்களில் முடியும் சித்திரத் தொடர், போட இறங்கிவிடாதீர்கள். நாளைக்கும் நாளன்றைக்கும் சரக்கு இருக்கிறதா, அதைப் பாருங்கள். நான் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு வரைகிறவன். தொழில் கேட்டு வரும் பிள்ளைகளிடம் முதலில் கொடுப்பது அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் சார்லஸ் ஷுல்ஸின் 'பீநட்ஸ்' ஸ்ட்ரிப் தொகுப்பைத்தான். 1950 அக்டோபர் 2-ல் ஏழு அமெரிக்கப் பத்திரிகைகளில் தொடங்கியது. 2000 பிப்ரவரி வரை 17,897 ஸ்ட்ரிப். வரைய உதவியாளர் கிடையாது; வசன எழுத்துகூட அவர் கைதான்.

முதலில் இடம். ஒரே அளவில் நாலு கட்டம். படுக்கையாகப் போடலாம், நெடுக்காகப் போடலாம், இரண்டிரண்டாக அடுக்கலாம் என்று சொல்லித்தான் சிண்டிகேட் (பல பத்திரிகைகளுக்கு ஸ்ட்ரிப் விற்கும் நிறுவனம்) 'பீநட்ஸை' விற்றது. அந்த நெருக்கடியில் பெரிய தலை, ஒரு சுவர், கொஞ்சம் புல் என்று படம் சுருங்கியது. நீங்களும் பின்னணியைக் கழியுங்கள். அச்சாகும் அளவுக்குச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். படிக்க முடியவில்லையா, வசனத்தை வெட்டுங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். வசனத்தை முதலில் மையில் எழுதி, அதைச் சுற்றி பேச்சு பலூன் போட்டு, மிச்ச இடத்தில்தான் ஆட்கள்.

இந்த ஆட்களைப் பிடிப்பதில் அவசரம் கூடாது. ஒவ்வொருவருக்கும் தீராத ஒன்று வேண்டும். 'பீநட்ஸில்' சார்லி பிரவுனுக்கு ஜெயிக்க ஆசை, நடக்காது. லைனஸ் போர்வையை விடமாட்டான். லூசி பந்தைப் பிடித்துக்கொண்டு, வந்து உதை என்று சார்லியைக் கூப்பிடுவாள், கடைசி நொடியில் இழுத்துவிடுவாள். முடிவு வாசகருக்குத் தெரியும். இந்த வருஷம் என்ன சொல்லி அவனை நம்பவைக்கப்போகிறாள் என்பதுதான் சுவாரசியம். என் ஸ்ட்ரிப்பில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர், பக்கத்து வீட்டுக்குப் போன குடையைத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே இருக்கிறார். மழைக்காலம் வந்தால் எனக்குக் கவலையே இல்லை. அரசியல் ஜோக்கில் இந்த வசதி கிடையாது, மறுநாளே ஊசிப்போகும்.

அப்புறம், ஆறு வாரச் சரக்காவது கையில் இருக்கட்டும். புரட்டாசி பிறக்கும்போதே தீபாவளி வெடியை வரைந்து கொடுத்துவிடுங்கள். காய்ச்சல் வரும், வீட்டில் கல்யாணம் வரும். பத்திரிகை காத்திருக்காது.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்து போடாதீர்கள். 'பீநட்ஸ்' என்பது ஷுல்ஸ் வைத்த பெயரில்லை, சிண்டிகேட் வைத்தது. கடைசிவரை அவருக்குப் பிடிக்கவில்லை. தலைப்பு யாருக்குச் சொந்தம், பொம்மையும் டீ ஷர்ட்டும் வந்தால் பங்கு எவ்வளவு, நீங்கள் நிறுத்திய பிறகு வேறொருவர் தொடரலாமா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஷுல்ஸுக்குப் பிறகு பத்திரிகைகளில் அவர் வரைந்த பழைய ஸ்ட்ரிப்புகள்தான் மறுபடி வருகின்றன. சன்மானம் மாதக் கணக்கா, ஸ்ட்ரிப் கணக்கா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.