பக்க அளவைத் தாண்டிய கதையை என்ன செய்வது?

போட்டிக்கு எழுத உட்கார்ந்த கதை விதியில் சொன்ன பக்கங்களைத் தாண்டி ஓடுகிறதா? சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டே தொடர்கதையும் எழுதுகிறவன் நான். இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டி ரெகி கவஹாரா. 1974இல் ஜப்பானின் குன்மா மாகாணத்தில் பிறந்த லைட் நாவல் எழுத்தாளர். லைட் நாவல் என்றால் சட்டைப்பையில் அடங்குகிற அளவில், நடுநடுவே படங்களோடு, பெரும்பாலும் இளவட்டங்களுக்காக வரும் நாவல்.

முதல் வேலை, வெட்ட மனசு வராத கதையை வெட்டாதீர்கள். கவஹாரா 2002ஆம் ஆண்டு ஜப்பானின் டெங்கெகி என்ற நாவல் விருதுப் போட்டிக்காக எழுதியதுதான் 'ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன்'. அளவு மீறிப் போய்விட்டது. பிடித்து நறுக்கி அனுப்பாமல், குனோரி ஃபுமியோ என்ற புனைபெயரில் இணையத்தில் போட்டுவிட்டு அதையே வருஷக்கணக்கில் வளர்த்தார். 2008இல் அதே விருதை வாங்கித் தந்தது வேறொரு கதை, 'ஆக்சல் வேர்ல்ட்'. அது 2009 பிப்ரவரியில் புத்தகமானது. பழைய கதையைப் படித்த பதிப்பாசிரியர் கசுமா மிகி, அதையும் கொடுங்கள் என்று கேட்க, ஏப்ரலில் அதுவும் அச்சேறியது. 2012இல் இரண்டுமே அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள் ஆகின. முதல் போட்டிக்கே நறுக்கி அனுப்பியிருந்தால் இத்தனையும் நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சரி, நீளக் கதையைத் தனியாக எடுத்து வைத்தாயிற்று. போட்டிக்கான கதையை எப்படி அளவுக்குள் நிறுத்துவது? அதற்கும் அவரிடமே பாடம் இருக்கிறது. 'ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன்' கதையில் ஒரு கணினி விளையாட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் நூறு மாடிக் கோட்டையை ஏறி முடித்தால்தான் வெளியே வர முடியும். முதல் நாள் நடந்ததைச் சொல்லிவிட்டு, அடுத்து இரண்டு வருஷம் தாண்டி நேராக 74ஆவது மாடிக்குப் போய்விடுகிறார். நடுவில் இருந்த மாடிகள் அப்படியே போச்சு!

இதை நம்மூர் மண்ணில் எழுதிப் பழகலாம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. அண்ணனும் தம்பியும் அடிவாரத்தில் சண்டை போட்டுக்கொண்டே பைக்கைக் கிளப்புகிறார்கள். அடுத்த அத்தியாயம் 18ஆவது வளைவு. தம்பி மட்டும் தனியாக ஓட்டி வருகிறான், அண்ணனின் ஹெல்மெட் டேங்க் மேல் ஆடிக்கொண்டிருக்கிறது. நடுவில் என்ன ஆச்சு என்று உடனே சொல்லிவிடாதீர்கள். தம்பி பெட்டிக்கடையில் நிறுத்தி, பழக்கத்தில் இரண்டு டீ சொல்லட்டும். வாசகர் தானாகக் கேட்பார்.

தாண்டிப் போன வளைவுகளைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். 2012 முதல் கவஹாரா 'ப்ரோக்ரெசிவ்' என்ற தனி வரிசையில் முதல் மாடியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி எழுதத் தொடங்கினார். தாண்டும்போதே 'இங்கே என்ன நடந்தது' என்று ஒரு வரி குறித்து வைத்துக்கொண்டால், பிற்பாடு உங்களுக்கும் அது கைகொடுக்கும்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்யத் தேவையில்லை. சேலம் கொலுசில் ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் பற்றவைப்பார்கள், மெருகு வேறெங்கோ. லைட் நாவலும் அப்படித்தான்: 'ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன்' படங்கள் அபெக் என்ற ஓவியர் கைவண்ணம், 'ஆக்சல் வேர்ல்ட்' படங்கள் ஹிமா வரைந்தவை. உங்களுக்கு ஓவியர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கறாராகப் படிக்கிற ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். எங்கள் பட்டறையில் மெருகு போடும் அக்கா ஒருவர் டீ நேரத்தில் என் அத்தியாயங்களைப் போனில் படிப்பார். நான் கருத்தே கேட்பதில்லை. எந்த வரியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வடையை எடுக்கிறார் என்று மட்டும் பார்ப்பேன். அந்த வரியிலிருந்து மேலே ஒரு பக்கத்தைத் திருப்பி எழுதிவிடுவேன். 'நல்லா இருக்கு தம்பி' என்று அவர் சொல்வதைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

கடைசியாக, அனுப்புவதற்கு முன் விதிகளை இன்னொரு முறை படியுங்கள். பக்கக் கணக்கா, சொற்கணக்கா என்று பாருங்கள், எழுத்துருவைச் சிறிதாக்கி ஏமாற்றுகிற வேலை வேண்டாம். 'வேறெங்கும் வெளியாகாதது' என்று இருந்தால், இணையத்தில் போட்ட கதையை அனுப்பாதீர்கள். அது அங்கேயே வளரட்டும், இதற்குப் புதிதாக ஒன்று எழுதுங்கள்.