உப்புக்காற்றில் நின்ற பழைய யெஸ்டியை மறுபடி ஓட வைப்பது எப்படி?

குளச்சல் பக்கம் ஒரு வீட்டின் பின்னால், ஓலைச் சாய்ப்புக்குள் பதினொரு வருடம் அசையாமல் நின்ற யெஸ்டி ரோட்கிங் பைக் ஒன்றை வாங்கி, டெம்போவில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டு வந்தேன். ஸ்பார்க் பிளக் கழற்றுவதைத் தாண்டி அப்போது எனக்கு எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை பார்த்து, இரண்டரை வருடத்தில் அதை ஓட வைத்தேன். இப்போது திற்பரப்புக்கும் பேச்சிப்பாறைக்கும் அதில்தான் போய் வருகிறேன். அந்த வேலையில் கற்றதை, இதுவரை ஸ்பானர் பிடிக்காதவர்களுக்கும் புரியும்படி வரிசையாக எழுதுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உப்புக்காற்றும் உண்டு, இரண்டு மழைக்காலமும் உண்டு. வெளியூரில் செய்கிற முறையை அப்படியே இங்கே செய்தால் துரு சீக்கிரமே திரும்பி வந்துவிடும்.

1. எந்த வண்டியை எடுப்பது

முதல் வண்டி டூ-ஸ்ட்ரோக்காக இருப்பது நல்லது. வால்வு, கேம், புஷ்ராடு எதுவும் கிடையாது. என்ஜினுக்குள் அசைகிற பாகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

யமஹா ஆர்.எக்ஸ். 100 மேல் எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் இப்போது அதன் விலை எங்கேயோ போய்விட்டது. வேறு மாடலின் பாகங்களைப் பூட்டி ஆர்.எக்ஸ். 100 என்று விற்பதும் நடக்கிறது. புதியவர் கண்ணுக்கு அது பிடிபடாது. பழைய இரும்பு என்ஜின் புல்லட் அருமையான வண்டி, ஆனால் அதில் நிறைய நட்டு போல்ட்டுகள் பிரிட்டிஷ் மரை. கடையில் கிடைக்கிற மெட்ரிக் (மில்லிமீட்டர் அளவு) நட்டை அதில் முறுக்கினால் மரை போய்விடும். அதை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் யெஸ்டியைத்தான் சொல்வேன். மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் செய்த வண்டி. மெட்ரிக் மரை, ஒற்றை சிலிண்டர், அதற்கு இரண்டு சைலன்சர், 250 சிசி. கிக்கரும் கியரும் ஒரே லிவர். உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர் ஆகிவிடும். தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டாலும் உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. மைசூர், பெங்களூரு, சென்னை புதுப்பேட்டை என்று கொஞ்சம் அலைய வேண்டும், அவ்வளவுதான்.

2. முதலில் ஆர்.சி. புக், அப்புறம் வண்டி

ஆர்.சி. (பதிவுச் சான்று) இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். பழைய பதிவுகள் சில கணினியில் ஏறாமலே இருக்கும். அப்படியானால் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்த பிறகே பணம் கொடுங்கள். நம் மாவட்டத்தில் டி.என். 74 என்றால் நாகர்கோவில், டி.என். 75 என்றால் மார்த்தாண்டம்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நல்ல வண்டிகள் கிடைக்கும். கேரளப் பதிவு என்றால் அந்த ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்பவரை வைத்தே இவற்றில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

பதினைந்து வருடம் கடந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 50 வருடம் கடந்த வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய். அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. சேசிஸையோ என்ஜினையோ பெரிதாக மாற்றியிருந்தால் அந்தப் பதிவும் கிடைக்காது. ஒரு பழைய ஜாவா கையில் கிடைத்தால் இதை மனதில் வைத்துக்கொண்டு தொடுங்கள்.

3. கழற்றாதீர்கள், முதலில் உயிர் இருக்கிறதா பாருங்கள்

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே எல்லாவற்றையும் பிரித்துப் போடத்தான் கை துடிக்கும். எனக்கும் துடித்தது. மார்த்தாண்டத்தில் வேலை பழகிய மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "மக்களே, இப்பவே களத்தாத. மொதல்ல அதுக்க உயிரு இருக்கான்னு பாரு" என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல யோசனை அதுதான். ஒருமுறையாவது ஓடிக் கேட்ட என்ஜினில் எது கெட்டிருக்கிறது என்று தெரியும். பிரித்துப்போட்ட என்ஜினில் எல்லாமே கெட்டதாகத்தான் தெரியும். பாதியில் கைவிடப்பட்டு கோணிப்பையில் கிடக்கிற வண்டிகள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே பிரிக்கப்பட்டவை.

பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு மூன்று கரண்டி என்ஜின் ஆயில் ஊற்றுங்கள். இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். சக்கரத்தோடு என்ஜினும் சுற்றினால் நல்லது. சுற்றவில்லையா? இன்னும் ஆயில், இன்னும் இரண்டு நாள். கிக்கரில் ஏறி மிதித்தால் பிஸ்டன் ரிங் உடையும், கிக்கர் பல்லும் போகும்.

அடுத்தது ஸ்பார்க். பக்கத்தில் பெட்ரோல் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் உடம்பு என்ஜின் ஹெட்டைத் தொடும்படி வைத்து கிக்கரை மிதியுங்கள். நீலமாகப் பளிச்சென்று வர வேண்டும். பாயின்ட் (ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கிற தொடுமுனை) உள்ள மாடலில் வரவில்லை என்றால் பாயின்ட்டில் படிந்த கறையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நைஸ் எமரியால் லேசாகத் தேய்த்து, சுத்தமான வெள்ளைத் தாளை நடுவில் விட்டு இழுங்கள். பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். பிளக் இடைவெளி 0.6. தேய்த்த பாயின்ட் சீக்கிரமே கறுத்துப்போனால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம்.

டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால், வார்னிஷ் மாதிரி ஒரு நாற்றம் வரும். முழுவதும் இறக்கிவிட்டு, வினிகர் நிரப்பி, ஒரு கைப்பிடி சிறிய நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். இரண்டு நாள் ஊறட்டும். பிறகு ஆப்பச் சோடா கலந்த தண்ணீர், அதன் பிறகு நல்ல தண்ணீர், அப்புறம் வெயில். காய்ந்த அதே நிமிடம் கொஞ்சம் பெட்ரோலும் 2டி ஆயிலும் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) கலந்து உள்ளே சுற்றவிட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் சுத்தமான இரும்பு ஒரே ராத்திரியில் மஞ்சளாகிவிடும்.

டேங்க் ஒழுகினால் நீங்களே வெல்டிங் வைக்க நினைக்காதீர்கள். காலி டேங்கில் நிற்கிற பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும். அந்த வேலை தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் வருகிற நுண்துளைத் திருகு) கம்பியால் குத்தக் கூடாது; ஓட்டை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்து, காற்று அடியுங்கள். பழைய ரப்பர் குழாய்களைப் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊற வைத்து இளக்கிவிடும். காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும்.

புதிய பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் கலந்து ஊற்றி மிதியுங்கள். என் வண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முப்பதாவது மிதியிலோ என்னவோ, இரண்டு சைலன்சரிலும் புகை தள்ளிக்கொண்டு எழுந்தது. பக்கத்து வீட்டு மாமா, வாலிபத்தில் யெஸ்டி வைத்திருந்தவர், சத்தம் கேட்டு மதில் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்த முகத்துக்காகவே இன்னொரு இரண்டரை வருடம் வேலை செய்யலாம்.

புகை சூடான பிறகும் குறையாமல் அடர்த்தியாக வந்து, கியர்பாக்ஸ் ஆயிலும் குறைந்துகொண்டே போனால் கிராங்க் (பிஸ்டன் சுற்ற வைக்கிற தண்டு) ஆயில் சீல் போயிருக்கிறது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. கழற்றும்போது

ஒவ்வொரு பாகத்தையும் தொடுவதற்கு முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ. ஒரு பாகத்தின் திருகுகளை ஒரே கவரில் போட்டு, மேலே மார்க்கரால் எழுதுங்கள். "பின் மட்கார்டு, இடது, நீளம் 2, குட்டை 1" என்று எழுத வேண்டும். வெறும் "மட்கார்டு" போதாது. ஒரு வருடம் கழித்து உங்களுக்கே நினைவு இருக்காது.

கேஸிங் திருகுகள் இறுகியிருந்தால் சாதா ஸ்க்ரூடிரைவரால் வழித்துவிடாதீர்கள். சுத்தியலால் அடிக்கிற இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என்ஜினுக்குள் சில நட்டுகள் எதிர்ப்பக்கம் சுற்றும். ஒன்று அசையவில்லை என்றால் பைப் போட்டு நெம்புவதற்கு முன் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பிரேக் டிரம்மைத் திறந்ததும் காற்று அடிக்கக் கூடாது. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகும். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

5. துருவும் உப்பும்

குளச்சல், முட்டம், மணக்குடி பக்கத்து வண்டிகளில் துரு வெளியே தெரிவது கொஞ்சம்தான். மட்கார்டின் உள்மடிப்பு, சீட்டுக்கு அடியில் சேசிஸ் குழாய், ஸ்போக் நிப்பிள், ஹெட்லைட் கிண்ணத்தின் அடிப்பாகம், இங்கேயெல்லாம் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். பொத்துக்கொண்டு உள்ளே போனால் தகடு செத்துவிட்டது. பட்டி போட்டு மூடினால் அடுத்த மழைக்கே கொப்புளம் வரும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும்.

தேய்க்கத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிக் காய வையுங்கள். உப்பு இரும்பின் துளைகளில் உட்கார்ந்திருக்கும். அதன் மேலேயே பிரைமர் அடித்தால் துருவைப் பூட்டி வைத்த மாதிரிதான். கழுவிய பிறகு கம்பிப் பிரஷ், உப்புத்தாள், அன்றைக்கே பிரைமர். "நாளைக்கு அடிக்கலாம்" என்பது கடற்கரை ஊரில் நடக்காது.

சேசிஸை சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பினால் நம்பர் உள்ள இடத்தில் தடித்த டேப் பல அடுக்கு ஒட்டி, நீங்களே கூட நில்லுங்கள். நம்பர் அழிந்தாலும், பவுடர் கோட்டிங் தடிமனாகி நம்பரை மூடினாலும், ஆர்.டி.ஓ. ஆய்வில் பென்சில் பிரின்ட் (தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் நம்பர் அச்சு) எடுக்க முடியாது. ஸ்போக்குகளை மட்டும் எவர்சில்வரில் போடுங்கள். பழமை ரசிகர்கள் கோபிப்பார்கள், எனக்குத் தெரியும். நம் காற்றுக்கு அதுதான் நிற்கும்.

6. என்ஜின்

போர் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் துளை) தேய்மானத்தை லேத் பட்டறையில் அளந்து சொல்வார்கள். ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அதற்கேற்பப் போர் போடச் சொல்லுங்கள். கிராங்கைப் பிரிப்பது வீட்டு வேலை இல்லை. அதற்கென்று பிரஸ் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். சீல், பேரிங், கேஸ்கெட் எல்லாம் புதிது.

7. பெயின்ட்

என் முதல் பெயின்ட் வீணானது. ஐப்பசி மழையில், ஒரு நாள் வெயில் அடித்ததும் அவசரப்பட்டு டேங்குக்கு கறுப்பு அடித்தேன். காய்ந்தபோது பால் ஊற்றிய மாதிரி வெளுத்திருந்தது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பெயின்ட்டில் படிந்துவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு என்று நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் தை, மாசி, பங்குனிதான் பெயின்ட் மாதங்கள். காலை பத்து மணிக்கு மேல், பனி விலகிய பிறகு அடியுங்கள். ஆரல்வாய்மொழி பக்கம் உள்ளவர்கள் மூடிய அறையில்தான் அடிக்க வேண்டும். கணவாய்க் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும்.

மெல்லிய பூச்சாக, பல முறை. ஒவ்வொன்றுக்கும் இடையே ஈர உப்புத்தாள் பிடியுங்கள்.

8. வயரிங்

எல்லாம் புதிதாகப் பூட்டி, லைட் எரியவில்லை என்றால் பதறாதீர்கள். சேசிஸ்தான் எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற வழி. அழகாகப் பெயின்ட் அடித்த இடத்தில் எர்த் கிடைக்காது. வயர் பூட்டுகிற புள்ளியில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி, பூட்டிய பின் மேலே கிரீஸ் தடவுங்கள்.

9. உங்கள் விருப்பப்படி மாற்றுவது

திருப்பிப் பழையபடி வைக்க முடிகிற மாற்றத்தை மட்டும் செய்யுங்கள் என்பதுதான் என் கருத்து. சீட் கவர், கைப்பிடி, கண்ணாடி, பல்பு, பக்கத்துப் பெட்டி என்று எவ்வளவோ இருக்கிறது. பின்பக்க சேசிஸை வெட்டிக் கஃபே ரேசர் (பந்தய வண்டித் தோற்றம்) ஆக்குவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலிக்கும். 1996-க்குப் பிறகு மைசூரில் அந்தச் சேசிஸ் ஒன்றுகூடச் செய்யப்படவில்லை. சட்டத்திலும் இடமில்லை, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் பதிவு செய்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தை ஆயில் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள்.

10. ஓட்டத் தொடங்கிய பின்

புதுப் போர் என்றால் முதல் 500 கிலோமீட்டர் மெல்ல ஓட்டுங்கள். லிட்டருக்கு 40 மில்லி ஆயிலையே தொடருங்கள். குலசேகரம் மேட்டில் டாப் கியரிலேயே இழுக்க வைக்காதீர்கள், கியரைக் குறையுங்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்கவும் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஸ்பானரை எடுத்து எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதானால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு அணையுங்கள். முட்டம் கடற்கரைக்கோ கன்னியாகுமரிக்கோ போய்விட்டு வந்தால், என்ஜின் ஆறியதும் அன்று ராத்திரியே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஸ்போக்கிலும் செயினிலும் ஆயில் துணி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.