கட்டுமானப் பணி நடக்கும் விமான நிலையத்தின் வழியே பயணம் செய்வது எப்படி?

விமான நிலையத்தில் கட்டுமானப் பணி நடக்கிறது என்று தெரிந்ததும் பலரும் சொல்லும் ஒரே யோசனை, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடுங்கள் என்பதுதான். சாலைப் பணியாக இருந்தால் அது உதவும். ஓடுபாதைப் பணியாக இருந்தால், தாமதமாகப் போகும் விமானத்துக்காக இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருப்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே பயணி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பணி நடப்பது நிலையத்துக்குச் செல்லும் சாலையிலா, முனையக் கட்டடத்துக்குள்ளா, ஓடுபாதையிலா என்பதையே. விமான நிலையத்தின் சொந்த இணையதளத்தில் இதற்கென அறிவிப்புப் பக்கம் இருக்கும். செய்தித்தாள்கள் அடிக்கல் நாட்டு விழாவையும் திறப்பு விழாவையும் எழுதுமே தவிர, எந்த வாயில் எந்த மணிக்கு மூடப்படுகிறது என்பதை அரிதாகவே எழுதுகின்றன.

ஓடுபாதைப் பணி: டிக்கெட் வாங்கும்போதே எடுக்க வேண்டிய முடிவு

ஓடுபாதையைப் புதுப்பிக்கும் வேலை பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியலுக்குள் முடிக்கப்படுகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து, புதிய தார்க்கலவையை இட்டு, அது ஆறிய பிறகு விளக்குகளையும் கோடுகளையும் சரிபார்த்து, முதல் விமானம் வருவதற்குள் பாதையை ஒப்படைக்க வேண்டும். இடையில் மழை பெய்தாலோ ஓர் இயந்திரம் பழுதானாலோ ஒப்படைப்பு தள்ளிப்போகும். அதிகாலையின் முதல் விமானமே தாமதத்துக்கு அதிகம் ஆளாகாதது என்ற பொதுவான கணக்கு இத்தகைய நிலையங்களில் செல்லுபடியாவதில்லை. இரவில் பாதை மூடப்படுவதற்குச் சற்று முன்னர் தரையிறங்க வேண்டிய கடைசி விமானத்திலும் ஆபத்து உண்டு: அது வரும் வழியில் அரை மணி நேரம் பிந்தினாலே வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படலாம், அல்லது புறப்படாமலேயே ரத்தாகலாம். மறுநாள் காலை முதலில் கிளம்ப வேண்டியது பல நேரங்களில் அதே விமானம்தான். எனவே பாதை திறந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் புறப்படும், முற்பகல் நேர விமானத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சில நிலையங்கள் இரவுநேர வேலையைத் தவிர்த்து, ஓர் ஓடுபாதையை வாரக்கணக்கில் முழுமையாக மூடிவிடுகின்றன. துபாய் சர்வதேச விமான நிலையம் 2019-இல் ஏப்ரல் 16 முதல் மே 30 வரை தெற்கு ஓடுபாதையையும், 2022-இல் மே 9 முதல் ஜூன் 22 வரை வடக்கு ஓடுபாதையையும் இப்படி மூடியது. அந்த நாட்களில் பல நிறுவனங்களின் விமானங்கள் அதே நகரின் மற்றொரு நிலையமான அல் மக்தூமுக்கு மாற்றப்பட்டன. டிக்கெட்டில் நகரின் பெயர் மாறாது, நிலையம் மட்டும் மாறியிருக்கும். ஆகவே நகரப் பெயரோடு நின்றுவிடாமல், மூன்றெழுத்து நிலையக் குறியீட்டையும் பயணத்துக்கு முந்தைய நாள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஓடுபாதையின் ஒரு பகுதியை மட்டும் மூடி, எஞ்சிய நீளத்தில் விமானங்களை இயக்கும் ஏற்பாடும் உண்டு. வெப்பம் கூடும்போது காற்றின் அடர்த்தி குறைவதால் விமானம் மேலெழ அதிக நீளம் தேவைப்படுகிறது. அந்த நீளம் கிடைக்காதபோது நிறுவனம் எடையைக் குறைத்தாக வேண்டும். அப்போது சரக்கு இறக்கப்படும், அது போதாவிட்டால் பயணிகளின் பைகளும், சில வேளைகளில் பயணிகளுமேகூட அடுத்த விமானத்துக்குத் தள்ளப்படலாம். வெயில் உச்சத்தில் இருக்கும் பிற்பகலில், நீண்ட தூரம் செல்லும் நிறைந்த விமானத்தில் இதற்கான வாய்ப்பு அதிகம். மருந்து, சாவி, ஆவணங்கள், ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

மூடுபனிக் காலமாக இருந்தால் இன்னொன்றையும் கருத வேண்டும். பணியின்போது தரையிறங்க உதவும் வழிகாட்டிக் கருவிகள் சில நிறுத்தி வைக்கப்படலாம். அவை இல்லாதபோது விமானி தரையிறங்குவதற்குத் தேவையான பார்வைத் தொலைவு கூடுகிறது. சாதாரண நாளில் பொருட்படுத்தாத மெல்லிய பனிகூட அப்போது விமானங்களைத் திருப்பிவிடும் என்பதால், பனி விலகிய நண்பகல் நேரமே பாதுகாப்பானது.

இணைப்பு விமானம்

இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறைந்தபட்ச இணைப்பு நேரம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதை ஒட்டியே நிறுவனங்கள் இணைப்புகளை விற்கின்றன. ஆனால் ஒரு நடைபாதை அடைக்கப்பட்டு, பயணிகள் பேருந்தில் சுற்றிக்கொண்டு போக வேண்டிய வாரத்தில் அந்த எண் நடைமுறைக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே கணினி காட்டும் மிகக் குறுகிய இணைப்பை விட்டு, அடுத்ததை எடுங்கள். இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவில் இருப்பது அதைவிட முக்கியம்: முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், ஒரே முன்பதிவில் இருப்பவரை அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு; தனித்தனியாக வாங்கியவருக்கு இரண்டாவது டிக்கெட் வீணாகும்.

முனையம் விட்டு முனையம் செல்லும் உள்வழி அடைபட்டிருந்தால், குடிவரவைக் கடந்து வெளியே வந்து மீண்டும் உள்ளே செல்ல வேண்டியிருக்கும். அப்படி வெளியே வர அந்த நாட்டின் விசா தேவைப்படலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உங்கள் மாற்றுப் பாதை பாதுகாப்பு வளையத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து மறுபடி சோதனைக்கு உட்பட்டால், வரியில்லாக் கடையில் வாங்கிய திரவப் பொருள்களும் பறிபோகக்கூடும்.

கட்டடத்துக்குள்ளும் சாலையிலும்

முனையத்துக்குள் கைப்பேசி வரைபடத்தை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் பழைய அமைப்பையே காட்டும். தற்காலிகப் பலகையையும், சீருடையில் நிற்கும் பணியாளரையும் நம்புங்கள். துளையிடும் ஓசையில் ஒலிபெருக்கி அறிவிப்பு காதில் விழாது என்பதால் திரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். முனையத்திலிருந்து நேரே விமானத்துக்குள் செல்ல உதவும் பாலமான ஏரோபிரிட்ஜ் குறைந்திருக்கும் நிலையத்தில் விமானம் தொலைவில் நிறுத்தப்பட்டு, பயணிகள் பேருந்தில் கொண்டுசெல்லப்படுவார்கள். கடைசிப் பேருந்து போய்விட்டால் விமானம் கண்ணெதிரே நின்றாலும் ஏற முடியாது. முதியவர்களுக்கும் நடக்கச் சிரமப்படுவோருக்கும் சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி 48 மணி நேரத்துக்கு முன்னர் தெரிவிக்க வேண்டும். பிற இடங்களிலும் அதே அளவைக் கடைப்பிடிப்பதில் தவறில்லை. உணவு, குடிநீர், மின்னேற்றும் வசதி எதுவும் குறையலாம்.

சாலைப் பணிக்குத்தான் முன்னதாகக் கிளம்பும் யோசனை பொருந்தும், அதுவும் ஓரளவுக்கே. நியூயார்க்கின் லாகார்டியா நிலையம் மறுகட்டுமானத்தில் இருந்தபோது, 2016 ஆகஸ்டில் ஏற்பட்ட நெரிசலில் பயணிகள் வாகனங்களிலிருந்து இறங்கி, நெடுஞ்சாலை ஓரமாகப் பெட்டிகளை இழுத்துக்கொண்டே நடந்து சென்றார்கள். ரயில் வசதி இருந்தால், இரண்டு முறை மாறிச் செல்ல நேர்ந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள். வாடகை வாகனங்கள் பயணிகளை ஏற்றும் இடமும் மாறியிருக்கலாம் என்பதால், அழைத்துச் செல்ல வருபவர் எந்த வாயிலில் நிற்க வேண்டும் என்பதைத் தரையிறங்கிய பிறகு உறுதி செய்வதே மேல்.

பணி முடிந்து திறந்த பிறகு

திறந்த புதிதில் ஒரு முனையம் பணி நடந்தபோது இருந்ததைவிட அதிகத் தொல்லை தருவதுண்டு. லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாவது முனையம் 2008 மார்ச் 27 அன்று திறக்கப்பட்டபோது பைகளைக் கையாளும் அமைப்பு தடுமாறி, அடுத்தடுத்த நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. டென்வர் நிலையம், முக்கியமாகத் தானியங்கிப் பை அமைப்பின் கோளாறுகளால், 16 மாதத் தாமதத்துடன் 1995 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. முதல் சில வாரங்களைத் தவிர்க்க முடியாதவர்கள் கைப்பையுடன் மட்டும் பயணம் செய்வது உத்தமம். இஸ்தான்புல்லில் 2019 ஏப்ரலில் பயணிகள் விமானப் போக்குவரத்து அத்தாதுர்க் நிலையத்திலிருந்து புதிய நிலையத்துக்கு மாறியபோது, 'ஐஎஸ்டி' என்ற பழைய குறியீடும் உடன் சென்றது. இத்தகைய மாற்றத்தில் குறியீட்டைச் சரிபார்த்தும் பயனில்லை, வாகன ஓட்டுநரிடம் நிலையத்தின் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும்.

பணமும் உரிமையும்

சர்வதேசப் பயணத்தில் பை தாமதமானால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும், சேதமானால் 7 நாட்களுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்கிறது 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை. நிலையத்தை விட்டு வெளியேறும் முன்னரே கவுன்ட்டரில் பதிவு செய்து எண் வாங்கிவிடுவது எளிது. பணியைக் காட்டி நிறுவனம் புறப்படும் நேரத்தைப் பெரிதும் மாற்றினால், மாற்று நேரத்தை உடனே ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள்; பணத்தைத் திரும்பப் பெறவோ வேறு விமானம் கேட்கவோ உரிமை உண்டா என்று முதலில் பாருங்கள், ஏற்றுக்கொண்ட பின் அந்தப் பேச்சுக்கு இடம் குறைவு. பயணக் காப்பீடு எடுப்பதாக இருந்தால், டிக்கெட் வாங்கிய அன்றே எடுங்கள்: ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட மூடலால் வரும் இழப்பைப் பல காப்பீடுகள் ஏற்பதில்லை, அறிவிப்பு எந்தத் தேதியில் வெளிவந்தது என்பதே அங்கே கணக்கு.