இரண்டு பிளாப்பி டிரைவ்: மாற்றி மாற்றிப் போடும்போது செய்யக் கூடாதவை

குமுளி, வண்டன்மேடு பக்கம் பழைய ஏலக்காய்க் கடைகளின் பரணைத் துழாவினால், 1990களின் கணக்கு ஏறிய பிளாப்பிகள் (கம்ப்யூட்டரில் தகவல் சேமித்த பழைய காந்த டிஸ்க்குகள்) இன்னும் கிடைக்கின்றன. அதைப் படிக்க இரண்டு டிரைவ் உள்ள பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிப்பவர்கள், அவசரத்தில் இருக்கிற கணக்கையும் அழித்துவிடுகிறார்கள். எழுத வழி திறந்திருக்கிறதா என்று பார்க்காமலே டிஸ்க்கை உள்ளே தள்ளுவதுதான் காரணம்.

எனவே முதலில் அந்த எழுதும் வழியை அடைத்துவிடுங்கள். மூன்றரை அங்குல டிஸ்க்கில் மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி, ஓட்டை திறந்து தெரியும்படி வைக்க வேண்டும். ஐந்தேகால் அங்குலத்தில் நேர் எதிர்: ஓரத்து வெட்டை மூட வேண்டும். கண்ணாடி டேப் ஒட்டாதீர்கள்; பல டிரைவ்கள் வெட்டு மூடியிருப்பதை வெளிச்சத்தை வைத்தே கண்டுபிடிக்கின்றன.

அடுத்தது பூஞ்சணம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் நம் மலையில் மாதக்கணக்கில் ஈரம்தான். ஷட்டரை விலக்கி, நடுவட்டை மெல்லத் திருப்பி, விளக்கில் சாய்த்துப் பாருங்கள். கரும்பரப்பில் வெளுத்த புள்ளியோ மங்கலோ தெரிந்தால் எந்த டிரைவிலும் போட வேண்டாம். "இதில் படிக்கலையே, அதில் போட்டுப் பார்ப்போம்" என்பதுதான் பெரிய தவறு. ஹெட்டில் (டிஸ்க்கைத் தொட்டுப் படிக்கும் முனையில்) ஒட்டிய அழுக்கு இரண்டாவது டிரைவுக்கும் போகும், அடுத்து வரும் நல்ல டிஸ்க்கையும் கீறும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்த பிறகே அடுத்த டிஸ்க்.

ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டரில் டிரைவ்களை இணைப்பது 34 கம்பிக் கேபிள். 10 முதல் 16 வரையுள்ள கம்பிகள் மட்டும் ஓரிடத்தில் முறுக்கியிருக்கும். முறுக்கைத் தாண்டிக் கடைசியில் மாட்டுவது 'ஏ', நடுவில் மாட்டுவது 'பி'. இரண்டு டிரைவின் ஜம்பரும் (எந்த டிரைவ் என்று குறிக்கும் சின்னச் செருகி) டி.எஸ்.1 என்ற இடத்தில்தான் இருக்க வேண்டும். ஏ, பி மாற்ற ஜம்பரைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டரை அணைத்து, கேபிள் முனைகளை மாற்றி, பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) டிரைவ் வகையையும் மாற்றுங்கள். கேபிளைத் தலைகீழாக மாட்டினால் டிரைவ் விளக்கு அணையாமல் எரியும். அப்போது டிஸ்க் போடவே கூடாது: எழுதும் கம்பியும் சேர்ந்து இயங்கி டிராக்கை (தகவல் பதிந்த வட்டப் பாதையை) அழித்துவிடும்.

1.2 எம்.பி. டிரைவ் 360 கே.பி. டிஸ்க்கைப் படிக்கும். ஆனால் அந்த டிஸ்க்கில் இதை வைத்து எழுதாதீர்கள். 1.2 எம்.பி. டிரைவின் ஹெட் மெலிந்தது, அது எழுதும் டிராக் பாதி அகலம்தான். பழைய அகல டிராக்கின் மிச்சம் ஓரத்தில் அப்படியே கிடக்க, 360 கே.பி. டிரைவ் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும்.

கடைசியாக, வெளியே தெரியாத ஒன்று. டிஸ்க் மாறியதை டிரைவ் 34-ம் பின் வழியாகச் சொல்லும். அந்தக் கம்பி வேலை செய்யாவிட்டால் டாஸ் (அந்தக் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்) பழைய டிஸ்க்கின் பட்டியலையே நினைவில் வைத்திருக்கும். நீங்கள் சேமித்தால், அந்தப் பழைய பட்டியல் புது டிஸ்க்கின் மேல் ஏறி அதிலுள்ள கோப்புகள் போய்விடும். சோதிப்பது எளிது: கோப்புப் பட்டியலைக் காட்டும் 'டிர்' (DIR) கட்டளை கொடுங்கள், வேறு டிஸ்க் போட்டு மறுபடி கொடுங்கள். அதே பட்டியல் வந்தால் எதையும் சேமிக்காமல் அணைத்துவிட்டு, ஜம்பரையும் கேபிளையும் பாருங்கள்.